214-ஆம் அறையின் சாவி

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு லக்தரின் சரக்கு வண்டி பெண்கள் விடுதியின் வாசலில் வந்து நின்றபோது, அங்கே ஏற்கெனவே நாற்பது மெத்தைகளுக்குக் குறையாமல் வந்திருந்தன. கார்களின் கூரைமேல், வேன்களின் முதுகில், சுவரில் சாய்ந்தபடி, ஒரு தகப்பனாரின் தலையில் என்று எங்கு பார்த்தாலும் சுருட்டிக் கயிறு கட்டிய மெத்தைகள். கான்ஸ்டன்டைன் நகருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கும் அந்த விடுதிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 'ஆயிரத்து எண்ணூறு கட்டில்' என்று சொன்னால்தான் டாக்சிக்காரருக்கும் தெரியும். பெயரே கட்டிலின் எண்ணிக்கைதான். ஆனாலும் செப்டம்பர் மாதத்தில் புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு அங்கே ஒரு கட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு.

லக்தர் தோல்கா ஊரில் பேரீச்சம்பழப் பெட்டிகள் ஏற்றும் வண்டி ஓட்டுபவர். மகள் நுஸைபாவுக்குப் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண். மருந்தியல் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தில் முதல்முறையாக ஒரு பெண் ஊரைவிட்டு வெளியே தங்கிப் படிக்கப் போகிறாள். தாய்மாமன்களுக்கு அதில் விருப்பமில்லை. அவர்களைச் சமாளிக்க லக்தர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வழி முழுவதும் அதை மகளிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். விடுதியில் கட்டில் உறுதியானால் மட்டுமே அவளை விட்டுவிட்டு வருவார். மூன்று மணிக்குள் ஆகவில்லை என்றால் வண்டி திரும்பும், மெத்தையும் மகளும் அதில் இருப்பார்கள். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குகிறது. திரும்பிப் போனால் மருந்தியல் இல்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் படிப்பு.

ஆனால் அன்று காலை லக்தர் கவலைப்படவில்லை. நுஸைபாவின் பையில், கைக்குட்டையில் முடிந்த ஒரு சாவி இருந்தது. அவருடைய அக்கா ஜோஹ்ரா கொடுத்த சாவி.

ஜோஹ்ராவின் மகள் ஸமீரா ஜூன் மாதமே படிப்பை முடித்துவிட்டாள். முடித்தவர்கள் அறையை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். யாரும் ஒப்படைப்பதில்லை என்பது வழக்கம். தங்கள் பெயரை அடுத்த ஆண்டுக்கும் பதிவேட்டில் இருக்கவிட்டு, கதவில் சொந்தப் பூட்டு ஒன்றை மாட்டி, சாவியை ஊருக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஊரிலிருந்து அடுத்து யார் வருகிறாளோ அவளுக்கு அந்தச் சாவி. D பகுதி, 214-ஆம் அறை இருபது வருடமாகத் தோல்காவின் கையை விட்டுப் போனதில்லை என்று ஜோஹ்ரா பெருமையாகச் சொல்வாள், ஏதோ பேரீச்சந்தோப்பைச் சொல்வது போல. அவள் சொல்லியனுப்பிய யோசனையும் தெளிவாகத்தான் இருந்தது. காலையில் எல்லோரையும் போல வரிசையில் நில். மதியம் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதும் சத்தமில்லாமல் அறையைத் திற, மெத்தையைப் போடு, ஸமீராவின் தங்கை என்று சொல். மற்ற கட்டில்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.

நுஸைபா வரிசையில் நின்றாள். புதிய பெண்கள் தாங்களே ஒரு நோட்டுத் தாளில் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அவளுக்கு நாற்பத்தொன்றாம் எண். அவள் முறை வந்தபோது, அறைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஸக்கியா மேடம் தலையை நிமிர்த்தாமலே காலையிலிருந்து எல்லோரிடமும் சொன்னதைச் சொன்னார். அறைகள் எல்லாம் பதிவேட்டின்படி நிறைந்துவிட்டன. பழைய பெண்கள் யாராவது தங்கள் அறையில் சேர்த்துக்கொண்டால் எண்ணை வந்து சொல்லலாம், எழுதிக்கொள்வார். போய்த் தட்டிப் பார்.

அந்த விடுதியில் ஒவ்வொரு செப்டம்பரிலும் நடப்பது இதுதான். ஒதுக்கீட்டு ஆணை கையில் இருந்தும், பதினெட்டு வயதுப் பெண்கள் கதவு கதவாகத் தட்டி, "உங்க அறையில இடம் இருக்கா அக்கா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் ரைஷா. தெற்கே பாலைவனத்தின் கடைக்கோடியில் இருக்கும் ஜானெத்திலிருந்து வந்தவள். பஸ்ஸில் இரண்டு நாள் பயணம். வந்து மூன்று நாளாகிறது. தெரிந்த ஒரு குடும்பத்தின் சமையலறையில் படுத்துக்கொள்கிறாள். நோட்டுப் பட்டியலில் அவளுக்கு ஏழாம் எண். பட்டியலை யாரும் மதிக்காததால் அந்த ஏழு ஒன்றுக்கும் உதவவில்லை. நுஸைபாவும் தன்னைப் போலத்தான் என்று நினைத்த ரைஷா, தனியாகப் போனால் ஏளனம் செய்வார்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். தன் பையில் சாவி இருக்கிறது என்று சொல்ல நுஸைபாவுக்கு வாய் வரவில்லை. மதியம் வரை எப்படியும் பொழுது போக வேண்டும் என்று உடன் போனாள்.

D பகுதியின் இரண்டு தளங்களில் பதினாறு கதவுகள் தட்டினார்கள். ஓர் அறையில் பெண் பார்ப்பது போலக் கேள்விகள். எந்த ஊர், என்ன படிப்பு, சமைக்கத் தெரியுமா, சீக்கிரம் விளக்கை அணைப்பாயா. ரைஷாவின் ஊர்ப் பெயர் கேட்டதும் முகம் மாறியது, நுஸைபாவிடம் எதுவும் கேட்கவில்லை. இன்னோர் அறையில், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வர இருக்கிறாள் என்றார்கள். மூன்றாவதில் கதவைத் திறக்காமலே இல்லை என்றார்கள். பல கதவுகளில் ஆளே இல்லை, பூட்டு மட்டும் இருந்தது. சில பூட்டுகளில் தூசி படிந்திருந்தது. ஒன்றில் சிலந்தி வலை பின்னியிருந்தது. நுஸைபாவுக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம். தன் சான்றிதழ் உறையின் பின்புறத்தில் அந்த அறை எண்களைக் குறித்துக்கொண்டே வந்தாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

214-க்கு வந்ததும் ரைஷா நின்றாள். பித்தளைப் பூட்டு. அதன் வளையத்தில் ஒரு பச்சை நூல் கட்டியிருந்தது. கைக்குட்டைக்குள் இருந்த சாவியிலும் அதே பச்சை நூல்.

"இது பெரியம்மா" என்றாள் ரைஷா, பூட்டைக் காட்டி. "மூணு நாளா தினமும் வந்து சலாம் சொல்றேன். வாயத் தொறக்க மாட்டேங்குறா. உள்ள நாலு கட்டிலும் காலின்னு மாடிப்படி கூட்டுற அக்கா சொன்னாங்க."

எதிர் அறை 212-இன் கதவு திறந்தது. மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, தலையில் துண்டும் கையில் காப்பியுமாக நின்றாள்.

"அங்க ஏன் நிக்கிறீங்க? அது தோல்காக்காரங்க அறை. அவங்க ஊர்ப் பொண்ணு வருவா. வீணா தட்டிக் கை வலிக்க வேணாம்."

ரைஷா சிரித்துக்கொண்டே நுஸைபாவின் பக்கம் திரும்பினாள். "கேக்கவே மறந்துட்டேன். நீ எந்த ஊரு?"

பொய் சொல்வது எளிது. தோல்கா இருக்கும் மாவட்டத்தின் பெயரை, பிஸ்க்ரா என்று சொல்லியிருக்கலாம், பாதி உண்மையாவது இருந்திருக்கும். நுஸைபா கைக்குட்டையை அவிழ்த்தாள்.

ரைஷா சாவியைப் பார்த்தாள், பச்சை நூலைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "அப்ப உனக்கு நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை நுஸைபாவைச் சுட்டது. ரைஷா திட்டியிருந்தாலும் அவ்வளவு சுட்டிருக்காது.

நுஸைபா பூட்டைத் திறந்தாள். நான்கு கட்டில், நான்கு மேசை. சுவரில் ஜூன் மாதத்து நாட்காட்டி. ஜன்னல் விளிம்பில் கல்லாகிப்போன ரொட்டித் துண்டு. மூன்று மாதமாக யாரும் மூச்சு விடாத காற்று. கீழே மெத்தைகளோடு நிற்கும் பெண்களின் பேச்சு அந்த ஜன்னல் வழியே நன்றாகக் கேட்டது. அவள் எந்தக் கட்டிலிலும் பையை வைக்கவில்லை. திரும்பப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வண்டியில் லக்தர் மெத்தையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிடப் போகிறேன் என்று மகள் சொன்னதும் அவர் கை நின்றது. முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி நியாயம் சொன்னார். நாம் யாரிடமும் திருடவில்லை. ஊர்ப் பெண்கள் தெருவில் நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. எல்லா ஊர்க்காரர்களும் செய்கிறார்கள். நாம் மட்டும் கொடுத்தால் நம் அறை போகும், அவர்கள் அறை இருக்கும்.

"வீட்டுப் பட்டியல் ஒட்டின அன்னிக்கு முனிசிபாலிட்டி வாசல்ல நீங்க என்ன சொன்னீங்கப்பா?" என்று கேட்டாள் நுஸைபா.

அரசாங்கக் குடியிருப்புக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவர் லக்தர். கடைசியில் பட்டியல் வந்தபோது அதில் அதிகாரிகளின் மைத்துனர்களும் மருமகன்களும் இருந்தார்கள், அவர் இல்லை. அன்று அவர் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சு வரவில்லை.

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார்.

"அங்க மேல ஒரு பொண்ணு மூணு நாளா நம்ம பூட்டத் தட்டிக்கிட்டு இருக்காப்பா. அவளுக்கு ஒண்ணுதான்."

லக்தர் கயிற்றைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். "மூணு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். உன் இஷ்டம்."

அலுவலகத்தில் கூட்டம் குறையவில்லை. நுஸைபா முன்னால் போய்ச் சாவியை ஸக்கியா மேடத்தின் மேசைமேல் வைத்தாள். உலோகம் மரத்தில் பட்ட சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். 214 காலியாக இருக்கிறது, பட்டியலில் முதலில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள் என்றாள். மேடம் பதிவேட்டைப் புரட்டி, 214-இல் நான்கு பேர் இருப்பதாகக் காட்டினார். முதல் பெயரே ஸமீரா.

"ஸமீரா என் அத்தை பொண்ணு. ஜூன்லயே பட்டம் வாங்கிட்டா. போன மாசம் கல்யாணமும் ஆயிடுச்சு, நான்தான் மருதாணி வெச்சேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. பின்னால் நின்ற ஒரு தகப்பனார், அப்படியானால் பதிவேட்டில் நிறைந்ததாக இருக்கிற மற்ற அறைகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நுஸைபா உறையைத் திருப்பி, தான் குறித்து வைத்த எண்களைப் படித்தாள். 203. 209. 221. படித்துக்கொண்டே போனாள். பதினோரு அறைகள். ஒரு பகுதியில் மட்டும், இரண்டு தளங்களில் மட்டும்.

சத்தம் கேட்டு விடுதி நிர்வாகி வெளியே வந்தார். கோட்டு அணிந்த, நிதானமான மனிதர். கோபப்படாமல், மகளே என்று அழைத்து, அறைக்குள் வந்து உட்காரச் சொன்னார். நுஸைபாவுக்கு வேறு பகுதியில் ஒரு கட்டில் ஏற்பாடு செய்ய முடியும், இப்போதே எழுதித் தரலாம், மற்றதைப் பிறகு குழு வைத்து விசாரிக்கலாம் என்றார். மணி பன்னிரண்டு. வாசலில் அப்பா கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றார். ஒரு தலையாட்டல் போதும், மருந்தியல் அவள் கையில்.

"எனக்கு நாப்பத்தொண்ணாம் நம்பர் சார். எனக்கு முன்னாடி நாப்பது பேர் இருக்காங்க. அவங்களுக்கு எழுதிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்."

சொன்னபடியே தரையில் உட்கார்ந்தாள். ரைஷா பக்கத்தில் வந்து பையைப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. வாசலிலிருந்து மெத்தைகள் உள்ளே வந்தன. அரை மணி நேரத்தில் அலுவலகக் கூடம் படுக்கையறை ஆகிவிட்டது. நிர்வாகி தன் அறைக்குத் திரும்பிப் போகக்கூடக் கால் வைக்க இடமில்லை. பூட்டை வெட்ட மேலிட அனுமதி வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். பெண்கள் எழுந்திருக்காமல், யாரோ கொண்டுவந்த மஹாஜிப் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். விடுதியின் பெரிய வாசலுக்குச் சங்கிலி போட்டுவிடலாமா என்று ஒருத்தி உரக்க யோசித்தாள். வாசல் அடைபட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும், பத்திரிகைக்காரர் வருவார் என்பது நிர்வாகிக்குத் தெரியும். பெண்களுக்கும் தெரியும். ஒரு மணிக்கு அவர் பராமரிப்புப் பணியாளரைக் கூப்பிட்டு, இரும்பு அறுக்கும் வாளை எடுத்து வரச் சொன்னார்.

முதல் பூட்டு அறுபடும் சத்தம் மாடிகள் முழுவதும் கேட்டது. இரண்டாவது பூட்டை அறுக்கும்போதே ஒரு வேடிக்கை நடந்தது. நல்ல பூட்டு வீணாகிறதே என்று பழைய பெண்கள் சிலர் தாங்களே சாவிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். ஜோடி ஜோடியாக, வண்ண நூல்களோடு, சாவிகள் சேர்ந்தன. ஸக்கியா மேடம் பதிவேட்டில் பெயர்களை அடித்துக்கொண்டே இருந்தார்.

212-இன் பெண் படியில் நுஸைபாவை வழிமறித்தாள். "சாவி கையில இருந்தும் வெளிய நிக்கிற மொத ஆளு நீதான். உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா, இல்ல நீ மட்டும்தானா?"

"மொத ஆளு நான்தான்" என்றாள் நுஸைபா. "ரெண்டாவது ஆளா நீ இரேன்."

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். ஆனால் சற்று நேரத்தில் 209-இன் சாவி மேசைமேல் இருந்தது. வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு, மூன்று கட்டில் போட்ட சின்ன அறைகளும் சேர்த்து, மூன்று மணிக்குள் D பகுதியில் முப்பத்து மூன்று கட்டில்கள் காலியாகக் கண்டுபிடிக்கப்பட்டன. மேடம் நோட்டுத் தாளை வாங்கி வரிசைப்படி வாசித்தார். ஏழாம் எண் ரைஷாவுக்கு 214. முப்பத்து மூன்றில் வாசிப்பு நின்றது. மீதிப் பகுதிகள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கப்படும், வரிசை முப்பத்து நான்கிலிருந்து தொடங்கும் என்று தாளின் அடியில் எழுதி முத்திரை வைத்தார்.

"அந்தச் சாவிய நீ குடுக்காம இருந்திருந்தா, இந்நேரம் உனக்குக் கட்டில் இருந்திருக்கும்" என்றார் மேடம். குரலில் கேலி இல்லை, புரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

"இருந்திருக்கும் மேடம். ராத்திரி யாராவது கதவத் தட்டினா, பதில் சொல்லாம படுத்துக் கெடக்கவும் கத்துக்கிட்டிருப்பேன்."

அவள் வாசலுக்கு வந்தபோது மூன்றேகால். மெத்தை கட்டியபடியே இருந்தது. லக்தர் வண்டியில் சாய்ந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசியது பெரும்பாலும் எதிர்முனைதான். செய்தி அதற்குள் தோல்காவுக்குப் போய்விட்டிருந்தது. இருபது வருடத்துச் சொத்தை ஒரே நாளில் தொலைத்துவிட்டாள், ஊர் முகத்தில் எப்படி விழிப்பது, ஞாயிற்றுக்கிழமை வரும் பெண்கள் எங்கே போவார்கள் என்று ஜோஹ்ராவின் குரல் வண்டிக்கு இந்தப் பக்கம் நின்ற நுஸைபாவுக்கும் கேட்டது. அவள் தன் பையை வண்டியில் வைக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை.

லக்தர் காலையிலிருந்து அந்த வாசலில்தான் நின்றிருந்தார். பூட்டு அறுபடும் சத்தத்தைக் கேட்டிருந்தார். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட்டபோது, மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தகப்பன்மார்களின் முகத்தைப் பார்த்திருந்தார். பட்டியலில் இருக்கும் பெயர் வரிசைப்படி வாசிக்கப்படுவதை அவர் வாழ்க்கையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமை நம்ம பொண்ணுங்க வரட்டும் அக்கா" என்றார் கடைசியில். "வந்து வரிசையில நிக்கட்டும். நிக்கறதுக்கு இப்ப ஒரு வரிசை இருக்கு. பதினோரு வருஷம் காத்திருந்து, என் வீட்டுக்கு எவனோ பூட்டு போட்டுட்டான்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். காலையில இங்க வரும்போது என் வண்டியிலயும் ஒரு சாவி இருந்திருக்கு. நம்ம ஊருக்குச் செஞ்சா பாசம், அடுத்தவன் செஞ்சா அநியாயம்னு நாமதான் பேரு வெச்சுக்கிட்டோம். ரெண்டும் ஒரே பூட்டுதான் அக்கா. நம்ம கையில இருக்கிற சாவியக் குடுக்காத வரைக்கும், அடுத்தவன் பூட்ட ஒடைன்னு சொல்ல நமக்கு வாயில்ல."

எதிர்முனை என்ன சொன்னதோ, அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விடுதிக்குள்ளிருந்து ரைஷா ஓடி வந்தாள். 214-இல் தரை காலியாக இருக்கிறது, ஞாயிறு வரை விருந்தாளி, மேடத்திடம் கேட்டாகிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பெரியம்மா வாயைத் திறந்துவிட்டாள், இனி மூட விடப்போவதில்லை என்றும் சொன்னாள்.

கட்டில் உறுதியானால் மட்டுமே விட்டுவிட்டு வருவேன் என்று மைத்துனன்மார்களிடம் கொடுத்த வாக்கு லக்தருக்கு ஞாபகம் இருந்தது. அவர் மகளைப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணா?"

"நாப்பத்தொண்ணுப்பா."

"முப்பத்து நாலுலேருந்து வாசிச்சா, எட்டாவது பேரு" என்றார். "உன் மாமாங்க கேட்டா, கட்டில் உறுதின்னு சொல்லிடறேன். முத்திரை வெச்ச பட்டியல்ல இருக்குதுல்ல."

பிறகு வண்டியின் பின்பக்கம் போய், தானே இறுக்கிய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.